பெஞ்சமின் கிராவட்

பெஞ்சமின் எஃப். கிராவட் (பிறப்பு: 1970) ஓர் அமெரிக்க வேதி உயிரியல் அறிஞர் ஆவார். இவர் கலிபோர்னியா மாநிலத்தில் சான் டியேகோவின் லா ஹோயா பகுதியிலுள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தின் பேராசிரியர். நொதித் தடுப்பான்கள், புரதத்தொகுதி ஆய்வு ஆகிய இரண்டையும் இணைத்து இவர் உருவாக்கிய ‘செயற்பாட்டுவழிப் புரத இனங்காணல்’ என்னும் முறைக்காக அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உயிரியலும் வரலாறும் பயின்று 1992ல் பட்டம் பெற்றார். டேல் போகர், ரிச்சர்டு லெர்னர் ஆகியோரின் வழிகாட்டலில் ஸ்கிரிப்ஸில் ஆய்வு செய்து 1996ல் முனைவர் பட்டம் பெற்றார். 1997ல் அங்கேயே ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

எஃப்ஏஏஎச் நொதி

தூக்கம் மறுக்கப்பட்ட பூனைகளின் மூளைத் தண்டுவட நீரில் காணப்பட்ட ஒலியமைடு என்னும் கொழுப்புப் பொருள் எலிகளில் தூக்கத்தைத் தூண்டுவதை கிராவட்டும் உடன் ஆய்வாளர்களும் 1995ல் அறிவித்தனர். அதனைச் சிதைக்கும் நொதியை அடுத்துத் தேடினர். அந்நொதியின் தடுப்பான் ஒன்றைத் தூண்டிலாகப் பயன்படுத்தி, எலியின் கல்லீரலிலிருந்து நொதியைப் பிரித்தெடுத்து, 1996ல் அதன் மரபணுவையும் இனங்கண்டனர். இதுவே கொழுப்பமில அமைடு ஹைட்ரோலேஸ், சுருக்கமாக எஃப்ஏஏஎச்.

இந்நொதி ஆனந்தமைடு என்னும் மூளைப் பொருளையும் சிதைக்கிறது. கஞ்சாவின் வேதிப்பொருள் இணையும் அதே ஏற்பிகளில் இணையும் ஆனந்தமைடு, 1992ல் கண்டறியப்பட்டது. ‘ஆனந்தம்’ என்னும் சொல்லிலிருந்தே அது பெயர் பெற்றது. எஃப்ஏஏஎச் நீக்கப்பட்ட சுண்டெலிகளின் மூளையில் ஆனந்தமைடு சுமார் 15 மடங்கு மிகுந்ததையும், அவற்றின் வலியுணர்வு குறைந்ததையும் இவரது குழு 2001ல் காட்டியது. எனவே இந்நொதியைத் தடுக்கும் பொருள் வலிநீக்கியாகலாம் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது.

செயற்பாட்டுவழிப் புரத இனங்காணல்

ஓர் உயிரணுவில் ஒரு நொதி எவ்வளவு உள்ளது என்பதைக் கொண்டு, அது எவ்வளவு வேலை செய்கிறது என்று கூற இயலாது. பல நொதிகள் செயலற்ற வடிவில் உருவாகின்றன. வேறு சில, இயற்கைத் தடுப்பான்களால் கட்டுண்டு கிடக்கின்றன. இச்சிக்கலுக்கான தீர்வை கிராவட் குழு 1999ல் வெளியிட்டது.

இம்முறையில் பயன்படும் வேதித் துருவியின் ஒரு முனை நொதியின் செயல்மையத்துடன் நிலையாகப் பிணைகிறது. மறுமுனையில் பயோட்டின் போன்ற ஓர் அடையாளம் உள்ளது. செயல்நிலையில் உள்ள நொதிகள் மட்டுமே துருவியுடன் பிணையும். அடையாளத்தைக் கொண்டு அவற்றைப் பிரித்தெடுத்து, நிறை நிறமாலைமானியால் இனங்காணலாம். முதல் துருவி, மனிதரில் 200க்கும் மேற்பட்டு உள்ள செரின் ஹைட்ரோலேஸ் நொதிகளுக்காக வடிவமைக்கப்பட்டது.

தடுப்பான்களைச் சோதிக்கவும் இம்முறை உதவுகிறது. முதலில் தடுப்பானையும் பிறகு துருவியையும் சேர்த்தால், தடுக்கப்பட்ட நொதிகள் துருவியுடன் பிணைவதில்லை. ஆகவே, ஒரு தடுப்பான் தன் இலக்கைத் தாக்குகிறதா என்பதோடு, வேறு எவற்றைத் தாக்குகிறது என்பதும் ஒரே சோதனையில் தெரியவருகிறது.

ரென் மருந்துச் சோதனை

இவ்வினாவின் முதன்மையை 2016ல் நிகழ்ந்த துயரம் உணர்த்தியது. பிஐஏ 10-2474 என்னும் எஃப்ஏஏஎச் தடுப்பான், பிரான்சின் ரென் நகரில் உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. சனவரி மாதத்தில் அவர்களுள் 6 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். ஆனால் அதற்கு முன் சோதிக்கப்பட்ட வேறு எஃப்ஏஏஎச் தடுப்பான்கள் இத்தகைய தீங்கை விளைவிக்கவில்லை. அவற்றுள் ஒன்றான பிஎஃப்-04457845, மூட்டுவலியைக் குறைக்கத் தவறியபோதிலும் பாதுகாப்பாகவே இருந்தது.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிராவட் உள்ளிட்டோருடன் இணைந்து, இவ்விரு பொருள்களையும் செயற்பாட்டுவழி முறையால் ஒப்பிட்டு 2017ல் முடிவுகளை வெளியிட்டனர். பிஎஃப்-04457845 தாக்காத பல லைப்பேஸ் நொதிகளை பிஐஏ 10-2474 தடுத்தது. மனித நரம்பணுக்களின் கொழுப்பு வளர்சிதை மாற்றத்தையும் குலைத்தது. இறப்புக்கு இதுவே காரணம் என்று அவ்வாய்வு நிறுவவில்லை. எனினும், மனிதரிடம் சோதிக்கும் முன்னரே ஒரு தடுப்பானின் பிற இலக்குகளைப் புரதத்தொகுதி முழுவதிலும் தேடவேண்டியதன் தேவையை அது வலியுறுத்தியது.

நிறுவனங்களும் விருதுகளும்

கிராவட் ஆக்டிவ்எக்ஸ், அபைட், விவிடியன் ஆகிய நிறுவனங்களை உருவாக்கியவர்களுள் ஒருவர். விவிடியனை 2021ல் பேயர் நிறுவனம் வாங்கியது. 2014ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். 2022ல் வேதியியலுக்கான வுல்ஃப் பரிசை போனி பாஸ்லர், கரோலின் பெர்டோசி ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.