ஆவாரங்கொத்தும் நண்டுச் சிலந்தியும்

காரைக்குடியை விட்டு எந்தப் பக்கம் போனாலும் செம்மண் மேட்டில் ஆவாரை நிற்கும். பூத்த கொத்தை வளைத்துப் பார்த்தால், சில சமயம் வலையே கட்டாத ஒரு சிலந்தி முன்னங்கால்களை விரித்தபடி உட்கார்ந்திருக்கும். நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். 'தாமிசஸ்' என்ற பேரினப் பெயரை 1805இல் வைத்தவர் பிரெஞ்சுக்காரரான வால்க்கெனேர்.

அதற்கப்புறம் ரொம்ப காலம் பேச்செல்லாம் நிறத்தைப் பற்றித்தான். வெள்ளைப் பூவில் வெள்ளைச் சிலந்தி, மஞ்சள் பூவில் மஞ்சள்; பூவோடு பூவாக ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான். இந்திய நண்டுச் சிலந்திகளை ஒரே தொகுதியாக டிகாதர் 1980இல் எழுதினார். பெரிய உழைப்பு. ஆனால் வகைப்பாட்டு வேலை சாராயப் புட்டியில் கிடக்கும் உடலை வைத்து நடப்பது. கண் வரிசையும் கால் முள்ளும் அதில் தங்கும்; நிறம் வெளுத்துவிடும். எந்தப் பூவில் பிடித்தது என்பது சீட்டில் எழுதினால்தான் உண்டு.

நிறக் கதையை அசைத்தது 2003. ஆஸ்திரேலியாவில் ஹெய்லிங், ஹெர்பர்ஸ்டைன், சிட்கா மூவரும் நம் நாட்டிலும் உள்ள தாமிசஸ் ஸ்பெக்டாபிலிஸ் சிலந்தியைச் சோதித்தார்கள். நம் கண்ணுக்கு மறைவாகத் தெரியும் அது, புற ஊதா ஒளியைத் திருப்பி அனுப்பி, தேனீயின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. தேனீ அந்தப் பூவையே தேடி வந்தது! அடுத்த வருஷமே பிரேசிலிலிருந்து டி சோசாவும் மார்ட்டின்ஸும், வெறும் இலைக்கிளையைவிடப் பூங்கொத்துள்ள கிளையில் சிலந்திகள் அதிகம் என்று எழுதினார்கள். கேள்வி நிறத்திலிருந்து பூவின் அமைப்புக்கு நகர்ந்தது.

நம்மிடம் இதற்கு 'இணர்' என்று பழைய சொல்லே இருக்கிறது. தனிப்பூ வேறு, இணர் வேறு. ஆவாரையின் இணர் திறந்த திண்ணை மாதிரி: இதழ்கள் அகலம், தேன் கிடையாது, மகரந்தத்துக்காக வண்டுத்தேனீ வந்து அதிர்த்துவிட்டுப் போகும். வெட்சி அப்படியில்லை. மேலே நாலு இதழ் விரிந்த தட்டு, கீழே நெருக்கமாக நீண்ட குழல்கள். தட்டுக்கு அடியில் சிலந்தி பதுங்க இடமுண்டு. தேனுக்கு மேலே வந்து உட்காருவது பட்டாம்பூச்சி. வேட்டைக்காரனுக்கு இரண்டும் ஒரே வீடாக எப்படி இருக்கும்?

செட்டிநாட்டுப் புதர்க்காட்டில் இதைக் கொத்து கொத்தாக எண்ணிப் பார்க்க வேண்டும். தைலமரம் வைக்கப் புதரை அழித்த இடங்களில் எண்ணுவதற்குக் கொத்து இல்லை. மிச்சமிருக்கும் மேடுகளுக்குப் போகிறவர்கள் சிலந்தியைப் படம் எடுக்கும்போது பூவையும் சேர்த்து எடுங்க. தனிப்பூவா, கொத்தா, சிலந்தி மேலேயா அடியிலா என்றும் எழுதி வையுங்க.