கோறணமேந்தும் பட்டதாரியும்

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்பது யாழ்ப்பாணத்தார் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கவர்ன்மெண்ட் என்ற ஆங்கிலச் சொல்லே மக்கள் நாவிற் பழகிக் கோறணமேந்து ஆயிற்று. பட்டம் பெற்ற இளைஞர் வேலையின்றி நிற்கும்போதெல்லாம் இப்பழமொழியை எடுத்துக்காட்டி, நம் பிள்ளைகளுக்கு அரச உத்தியோகத்தைத் தவிர வேறொன்றும் கண்ணிற் படுவதில்லை என்று குறைகூறுவோர் பலர். இக்குறை நியாயமானதுதானா? அந்த ஆசையை அவர்தம் உள்ளத்தில் விதைத்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடைகாண நாம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கின்றது.

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக் கழகத்தை நிறுவினர். வட்டுக்கோட்டைச் செமினறி எனப் பெயர்பெற்ற அக்கழகத்திற்கு டானியல் பூர் முதல் அதிபராய் அமர்ந்தார். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல், மெய்யியல் எனப் பல துறைகள் அங்கே கற்பிக்கப்பட்டன. மறைபரப்பும் பணியாளரை உருவாக்குவதே நிறுவியோரின் நோக்கம். ஆனால் ஆங்கிலங் கற்ற மாணவர்க்கு அரச அலுவலகங்களின் கதவுகள் திறந்திருந்தன; சம்பளமும் அங்கே கூடுதல். கற்றவர் பலர் அவ்வழியே சென்றனர். செமினறி தன் நோக்கத்தினின்று விலகிவிட்டதெனக் கருதிய அமெரிக்கத் தலைமைச் சங்கம் 1855இல் அதனை மூடியது. கல்வி கொடுத்தோர் எண்ணியது ஒன்று, பெற்றோர் நாடியது மற்றொன்று என்னும் முரண்பாடு எம்மண்ணில் அன்றே தோன்றிவிட்டதைக் காண்கின்றோம்.

இம்முரண்பாட்டை நன்கு உணர்ந்தவர் மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன். 1848இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய அவர், ஆங்கிலத்திற் பயின்ற மாணவர் அரச சேவையை நாடிக் கிராமங்களை விட்டகல்வதைக் கண்டார். ஆகவே 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவரை அவர் உருவாக்கினார். தமிழ் மருத்துவக் கல்வியின் வரலாற்றில் பொன்னெழுத்துக்களாற் பொறிக்கத்தக்க இம்முயற்சி, வேலைவாய்ப்பின் வரலாற்றிலும் இடம்பெற வேண்டியதொன்றாகும். எந்த மொழியில் எதைக் கற்பிக்கின்றோம் என்பது, கற்றவன் எங்கே சென்று வாழ்வான் என்பதையும் முடிவுசெய்கின்றது என்ற பாடத்தை அது நமக்குத் தருகின்றது.

1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்ற யாழ்ப்பாணத்தவரே. ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. பின்னவர் ஆசிரியராகவும், அரசாங்கக் கணக்குத்துறை அலுவலராகவும், வழக்கறிஞராகவும், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். எனினும் இன்று நாம் அவரை நினைப்பது அப்பதவிகளுக்காகவன்று. 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றி, செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளை மீட்டெடுத்தமைக்காகவே நினைக்கின்றோம். பட்டம் அவருக்குச் சோறு தந்தது. வாழ்க்கைப் பணியை அவரே தேடிக்கொண்டார். ஆனால் முதலாவது கிடைத்திராவிடின் இரண்டாவது இயன்றிருக்குமோ என்பதையும் நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். வயிற்றுக்கு வழியில்லாத இளைஞனிடம் இலட்சியம் பேசுதல் எளிது. அவன் அதனைக் கடைப்பிடித்தல் எளிதன்று.

யாழ்ப்பாணத்தார் உத்தியோகத்தை நாடியமைக்கு மண்ணும் ஒரு காரணம். ஆறில்லாத வறண்ட குடாநாடு அது; தலைமுறைதோறும் துண்டாடப்பட்ட சிறு காணிகள்; கிணற்று நீரை இறைத்துச் செய்யும் தோட்டம். அத்தகைய குடும்பத்தில் ஒரு மகனைப் படிப்பித்தல் மற்றொரு காணி வாங்குவதற்கு ஒப்பாயிருந்தது. கொழும்பின் கந்தோர்களில் மட்டுமன்றி, 1896இல் கூட்டாட்சி மலாய் நாடுகள் உருவான பின்னர் அங்கும் புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் எழுதுவினைஞர் பலர் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து இளைஞர் அங்குச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் கல்வீடுகள் எழுந்தன. சகோதரிகளின் திருமணங்கள் நிறைவேறின. மலாயாப் பென்சன்காரர் என்போர் ஊரின் மதிப்புக்குரிய பெரியோராயினர். இதனைக் கண்ணாரக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு அரச உத்தியோகம் வெறும் மயக்கமன்று; அனுபவத்தால் மெய்ப்பிக்கப்பட்ட பாதையாகும்.

இனி, இலங்கை முழுவதையும் நோக்குவோம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் மாணவர் தொகை ஆயிரத்துக்கும் குறைவு. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1959இல் வித்தியோதயம், வித்தியாலங்காரம் ஆகியன பல்கலைக்கழகங்களாயின. 1960இலிருந்து தாய்மொழியிற் கற்றோரும் பல்கலைக்கழகம் புகுந்தனர். அறுபதுகளின் நடுவில் மாணவர் தொகை பதினாயிரத்தைத் தாண்டியது. ஏழை உழவனின் பிள்ளையும் பட்டதாரியாகலாம் என்ற இம்மாற்றம் மாபெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயின் கிராமத்துப் பாடசாலைகளில் விஞ்ஞானக் கூடங்கள் இல்லை. எனவே அப்பிள்ளைகள் கலைப்பிரிவிலேயே குவிந்தனர். கல்வியின் வாயில் அகன்றது. வேலையின் வாயில் அதற்கேற்ப அகலவில்லை.

விளைவு 1971 ஏப்ரலில் வெளிப்பட்டது. அவ்வாண்டுக் கிளர்ச்சியில் எழுந்தோர் பெரும்பாலும் சிங்களக் கிராமங்களின் படித்த இளைஞர். சந்தேகத்தின்பேரிற் பிடிக்கப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விபரங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகரவின் கட்டுரை இதனைப் புலப்படுத்துகின்றது. தமிழ் இளைஞருக்கோ 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் அரச சேவையின் வாயிலை ஏற்கெனவே ஒடுக்கியிருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழகத்தின் வாயிலையும் ஒடுக்கியது. அப்போது பொறியியற் பிரிவுக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. பின்னாளில் நிகழ்ந்த போருக்கு இஃது ஒன்றே காரணமன்று. எனினும், கற்றும் வழியடைபட்ட இளைஞரின் மனக்கசப்பு தெற்கிலும் வடக்கிலும் ஒரே காலத்தில் முற்றியதை வரலாறு மறைப்பதற்கில்லை.

1971இல் டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள வேலைகளுக்கும் பொருத்தமில்லை என்று சுட்டிக்காட்டியது. அடுத்த ஆண்டிற் கல்விச் சீர்திருத்தம் வந்தது. தொழில் சார்ந்த பாடங்கள் பாடசாலைகளிற் புகுத்தப்பட்டன. 1977இன் ஆட்சிமாற்றத்தின் பின் அவை கைவிடப்பட்டன. 1976இல் வெளிவந்த ரொனால்ட் டோரின் 'சான்றிதழ் நோய்' பற்றிய நூல் இலங்கையையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டது. வேலைகள் அருகும்போது அதே வேலைக்கு மேன்மேலும் உயர்ந்த சான்றிதழ் கேட்கப்படுகின்றது. அதனாற் சான்றிதழ் தேடுவோர் மேலும் பெருகுகின்றனர் என்பது அவர் காட்டிய சுழல். பாடத்தை மாற்றினால் மட்டும் இச்சுழல் நிற்காது. தச்சனுக்கும் உழவனுக்கும் எழுதுவினைஞனுக்குள்ள ஊதியமும் ஓய்வூதியமும் மதிப்பும் இல்லாதவரை, எந்தத் தாயும் தன் மகனைத் தச்சனாக்க மனமொப்பாள். அவளை அறிவற்றவள் என்று கூற நமக்கு உரிமையில்லை.

போர் முடிந்த பின்னரும் இக்கதை முடியவில்லை. 2017 பெப்ரவரியில் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் தெருவோரப் பந்தல்களில் அமர்ந்து மாதக்கணக்கிற் போராடினர். 2020இல் அரசு பட்டதாரிகளைப் பல்லாயிரக்கணக்கிற் பயிலுநராக உள்வாங்கியது. இரண்டே ஆண்டுகளில் திறைசேரி வெறுமையாயிற்று. 2022இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைதேடிக் கடல்கடந்தனர். அன்று மலாயா, பின்னர் வளைகுடாவும் பிற நாடுகளும்.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. செமினறியை மூடியவர்களும் சரி, பின்வந்த ஆட்சியாளரும் சரி, நாமும் சரி, படித்த இளைஞனின் ஆசையைத்தான் குறைகூறினோம். அவ்வாசைக்கு இடமளிக்கும் வேறு வாழ்வுகளை ஆக்கிக்கொடுக்கும் கடமையில் நாம் மிகச் சிறிதே முயன்றோம். கிறீன் செய்ததைப் போல, கற்றவன் தன் ஊரிலேயே பயன்பட்டு மதிப்போடு வாழக்கூடிய தொழிலைக் கல்வியோடு சேர்த்துக் கொடுத்த முயற்சிகள் விரல்விட்டு எண்ணத்தக்கன.

வேலையற்ற பட்டதாரி ஒருவன் நம் வீட்டிலோ அயலிலோ இன்றும் இருக்கக்கூடும். 'இன்னும் ஒன்றும் சரிவரவில்லையா?' என்று கேட்குமுன், அவன் நடந்துவந்த பாதையை அமைத்தவர்கள் அவனுடைய பாட்டனாரும் தந்தையாரும் ஆசிரியரும் ஆட்சியாளருமே என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக. கைத்தொழில் செய்பவனையும் தோட்டஞ் செய்பவனையும் பெண்கொடுக்கும்போதும் சபையில் இருத்தும்போதும் உத்தியோகத்தனுக்கு நிகராக மதிக்க நாம் முன்வருவோமாயின், அந்தப் பழமொழி தானே வழக்கொழியத் தொடங்கும். அதுவரை அதனைச் சொல்லி இளைஞரை நகையாடுவது நமக்கு அழகன்று.