ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா: பழசு வாங்கப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க!

கையில் செல்போன் இருக்கும்போது, ஃபிலிம் போடும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை ஏன் தேடி வாங்குறாங்க?

இதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. அதற்குத் தனி வியூஃபைண்டர் ஜன்னல். அதன் நடுவில் ஒரே காட்சி இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பி, இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் ரெடி. எஸ்எல்ஆர் மாதிரி உள்ளே கண்ணாடி எழும்பி விழாததால் சத்தமும் குறைவு. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. 1948-ல் காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்த ஹென்றி கார்த்தியே பிரெஸோனுக்குப் பிடித்த கேமரா, இந்த வகை லைக்காதான்.

1954-ல் வந்த லைக்கா எம்3-யின் பெரும்பாலான லென்ஸ்கள் இன்றைய டிஜிட்டல் எம் கேமராவிலும் பொருந்தும். ஆனா விலை? லட்சங்களில்! பழகுவதற்கு யாஷிகா எலெக்ட்ரோ 35 தாராளமா போதும். அதன் பழைய மெர்குரி பேட்டரி இப்போ தயாரிப்பில் இல்லை. மாற்று பேட்டரியும் அடாப்டரும் தேவைப்படும்.

வாங்கும்முன் தூரத்து செல்போன் டவரைப் பாருங்க. லென்ஸை முடிவிலிக் குறிக்குத் திருப்பினால், இரண்டு காட்சியும் ஒன்றாகணும். விலகி நின்றால், கிட்டத்தட்ட ரோல் முழுக்க மங்கல்தான்.

இன்னொன்று, லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் காட்சி பளிச்சென்று தெரியும். 36 படமும் காலி!