வலையும் திரையும்: ஒளியியற் சொற்களின் வரலாறு

ஒரு கலைச்சொல், தான் குறிக்கும் பொருளின் வடிவத்தைப் பற்றியும் பிறக்கலாம்; செயலைப் பற்றியும் பிறக்கலாம். வடிவப் பெயர், பொருளைப் பற்றிய அறிவு மாறினாலும் நிலைத்து நிற்கும். செயற்பெயர், அறிவின் ஒரு குறிப்பிட்ட நிலையைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கும். கண்ணையும் வில்லையையும் பற்றிய சொற்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டுகின்றன.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த மருத்துவர் ஹிரோபிலஸ், கண்ணின் உட்படலத்தை மீன்வலைக்கு ஒப்பிட்டதாகப் பண்டை நூல்கள் கூறும். அவ்வுவமை கிரேக்கத்திலிருந்து அரபு மொழிக்கும், அங்கிருந்து இலத்தீனுக்கும் மொழிபெயர்ப்பு வழியாகவே சென்றது. வலை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே 'ரெட்டினா'. 'லென்ஸ்' என்பதும் வடிவப் பெயரே; இலத்தீனில் அது மைசூர்ப் பருப்பு வகையைக் குறிக்கும். தமிழின் 'வில்லை'யும் வட்ட வடிவைச் சுட்டுவதே.

வலைப்பெயர் மொழிவிட்டு மொழி சென்ற காலத்தில், உட்படலத்தின் பணி அறியப்படவில்லை. கேலன் வழிவந்த மருத்துவம், காணும் உறுப்பு கண்வில்லையே என்று கொண்டது. பொருளிலிருந்து வரும் ஒளியே பார்வைக்குக் காரணம் என்று 11ஆம் நூற்றாண்டில் நிறுவ முற்பட்ட இப்னு அல்-ஹைதமும் அக்கருத்தைக் கைவிடவில்லை. 1604இல் யோகன்னஸ் கெப்ளர் வெளியிட்ட ஒளியியல் நூலே நிலையை மாற்றியது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் விரிந்து வரும் ஒளி, கண்ணினுள் விலகலுற்று, உட்படலத்தில் மீண்டும் ஒரு புள்ளியாகக் குவிகிறது. அங்கே தலைகீழ்ப் பிம்பம் தோன்றுகிறது என்றார் அவர். வில்லை காண்பதன்று, ஒளியை வளைப்பது மட்டுமே. அவ்வளைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முன்புறத்துக் கார்னியாவில் நிகழ்கிறது என்பதும், வில்லை தன் வளைவை மாற்றி அண்மைப் பொருளுக்கும் சேய்மைப் பொருளுக்கும் ஏற்பச் சரிசெய்கிறது என்பதும் இன்று தெளிந்த செய்திகள்.

'ரெட்டினா'வுக்குத் தமிழ் 'விழித்திரை' என்றது. வலை என்னும் பழைய உவமையை அச்சொல் பின்பற்றவில்லை. பிம்பம் விழும் திரை என்னும் கெப்ளரின் விளக்கத்தையே பெயராக்கியது. சொல்லை விடுத்துப் பொருளைப் பெயர்த்ததால் விளைந்த நன்மை இது.

அதே முறையால் இடர்ப்பாடும் நேர்வதுண்டு. 'போகஸ்' என்பதை 1604ஆம் ஆண்டு நூலிலேயே கெப்ளர் கலைச்சொல்லாக ஆண்டார். இலத்தீனில் அதன் பொருள் அடுப்பு. செருமானியம் 'எரிபுள்ளி' என்று வழங்குகிறது. தமிழோ 'குவியம்' என்றது. இங்கே 'குவி' செயலைக் குறிக்கிறது. 'குவியாடி' என்பதிலோ அது புடைத்த வடிவைக் குறிக்கிறது; அவ்வாடி ஒளியைக் குவிப்பதில்லை, விரிக்கிறது. ஒளியைக் குவிப்பது குழியாடி. குவிலென்ஸில் வடிவும் செயலும் ஒன்றுபடுவதால் முரண் புலப்படுவதில்லை. ஆடிக்கு வரும்போது மாணவர் தடுமாறுவர். அடுப்பு என்னும் பொருள் வழக்கில் மங்கிவிட்டமையால் 'போகஸ்' யாரையும் மயக்குவதில்லை. 'குவியம்' வேர்ப்பொருள் விளங்க நிற்பதாலேயே மயக்குகிறது.

எனவே, வேர்ப்பொருள் விளங்கும் சொல்லே சிறந்தது என்னும் கொள்கைக்கு ஒரு வரம்பு வேண்டும். ஒரே வேர், ஒரே துறையில் வடிவத்தையும் செயலையும் குறிக்க நேருமாயின், இரண்டனுள் ஒன்றுக்கு வேறு வேரைத் தேடுவதே மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.