எலியின் அவதானம்

சதாவதானம் என்னும் அருங்கலையைக் கேள்வியுற்றிருப்பீர்கள். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் அதனை நிகழ்த்திக் காட்டினார். அவதான அரங்கிலே ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். வேறொருவர் அவதானியின் முதுகில் நெல்மணிகளை எறிவார். எறிந்தவை எத்தனை என்று இறுதியில் அவர் பிழையின்றிச் சொல்ல வேண்டும். கவனத்தைக் கண்ணால் காண இயலாது. அதன் விளைவைத்தான் எண்ண இயலும்.

ஆய்வுக்கூடத்தில் இவ்வெண்ணிக்கை வேரூன்றக் காரணமாயிருந்தது இரண்டாம் உலகப்போர். ராடார்த் திரையை நோக்கியிருந்த பிரிட்டிஷ் வீரர்கள், நேரம் செல்லச் செல்லத் திரையில் தோன்றும் குறிகளைக் காணத் தவறினர். கேம்பிரிட்ஜில் நார்மன் மாக்வொர்த் ஒரு கடிகாரம் அமைத்தார். அதன் முள் நொடிக்கு ஒரு முறை தாவும். அரிதாக இரட்டிப்புத் தூரம் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். அரைமணி நேரத்திற்குள்ளேயே கவனம் தளர்ந்தது என்பதை 1948-இல் அவர் வெளியிட்டார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நாள் முழுதும் உதிரிப்பாகங்களில் பழுது தேடுவோருக்கு இது வியப்பளிக்காது!

பேச்சறியாத எலியை எங்ஙனம் சோதிப்பது? மனிதருக்கென லெனார்டு வகுத்த ஐந்து விளக்குச் சோதனையை முன்மாதிரியாகக் கொண்டு, அதே கேம்பிரிட்ஜில் டிரெவர் ராபின்ஸ் குழுவினர் 1983-இல் ஒரு வழி கண்டனர். பெட்டியின் வளைந்த சுவரில் ஐந்து துளைகள். அவற்றுள் ஏதேனும் ஒன்றில் அரை நொடி அளவே ஒளி தோன்றும். எலி அத்துளையில் மூக்கை நுழைத்தால் எதிர்ப்புறத்தில் ஓர் உணவுருண்டை விழும். தவறினால் விளக்கணைந்து சிறிது நேரம் இருள்.

மூளையில் நாரட்ரினலின் சுரக்கும் நரம்புப் பாதையைச் சிதைத்த எலிகள், அமைதியான வேளையில் ஏனைய எலிகளைப் போலவே தேறின. இடையிலே பேரொலி எழுப்பியபோதுதான் தடுமாறின. எனவே வெறும் மதிப்பெண் போதாது. எந்நிலையில், எவ்வாறு தவறியது என்பதே செய்தி. ஒளி தோன்றுமுன் மூக்கை நீட்டுவது பொறுமையின்மை. பிற துளைக்குப் போவது கவனப்பிழை. வாளாவிருந்தால்? பசியின்மையாகவும் இருக்கலாம். ஆகையால் உணவெடுக்க ஓடும் வேகத்தையும் அளக்கின்றனர்.

பசிதான் இங்கே ஆசிரியன். எலியின் எடை, வயிறார உண்டபோதிருந்ததில் 85 அல்லது 90 விழுக்காடாகும்வரை உணவைக் குறைப்பதுண்டு. இதற்கு வரம்பு வேண்டாமா? 1952-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் கொணர்ந்த மசோதாவே, 1960-இன் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்தாயிற்று. ஆய்வுக்கூட விலங்குகளைக் கண்காணிக்கும் குழுவுக்கு அச்சட்டத்திலேயே இடமுண்டு.