கல்லாய்க் கிடந்த ஊசியிலை

வடதேசத்துச் சதுப்பு நிலங்களிலே குள்ளப் பைன் மரங்களைத் தேடித் திரிவோர் உண்டு. பாசி மூடிய அந்நிலத்திலே சத்துக் குறைவு. பல்லாண்டு கண்ட மரமும் ஆளுயரம் எட்டாமல் நிற்கும். நமது வன்னிக் காட்டில் தேடினால் பாலையும் வீரையும் முதிரையுமே அகப்படும். வன்னி என்ன, இலங்கை முழுவதிலுமே இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் ஒன்றுகூட இல்லை. மலைநாட்டுப் பைன் தோப்புகள் பிற்காலத்தில் நட்டவை.

ஒரு காலத்தில் இருந்தன. வில்பத்துவுக்குத் தெற்கே, தப்போவக் குளத்துப் பக்கம், களி இறுகிய பாறையில் இலைப் பதிவுகளைக் கண்டவர் ஈ. ஜே. வேலண்ட் என்ற ஆங்கிலப் புவியியலாளர். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சீவார்டும் அவர் மாணவர் ஹோல்ட்டமும் 1922இல் அவற்றை ஆராய்ந்து எழுதினர். பன்னங்களோடு ஊசியிலை மரங்களும் அதில் இருந்தன. யுராசிக் காலத்தவை, ஏறக்குறைய 15 கோடி ஆண்டுப் பழமை. இலங்கை அப்போது தீவே அல்ல. கோண்டுவானா என்ற பெருநிலத்தின் ஒரு துண்டு.

இதே வேலண்ட் 1919இல் இலங்கையின் கற்காலம் பற்றியும் எழுதினார். கற்கருவிகள் கிடைக்கும் வறண்ட வலயத்துச் சரளையையும் செம்மண்ணையும், தொல்லியலாளர் எஸ். யு. தெரணியகல தமது 1992ஆம் ஆண்டு நூலில் 'இரணைமடுப் படிவு' என்றே அழைக்கிறார். பெயர் நம்முடையது. ஆனால் அதன் வயதைக் கணித்துச் சொன்ன மண், தெற்கே அம்பாந்தோட்டைக் கரையில் உள்ள பூந்தல, பத்திராஜவெல என்ற இடங்களுடையது. 2009 வரை நீண்ட யுத்தகாலத்தில் இரணைமடுச் செம்மண்ணைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் பதுங்குகுழிக்காகவே தோண்டினார்கள்.

செம்மண்ணுக்கு ஒரு குணம்: கல்லை வைத்திருக்கும், இலையைத் தின்றுவிடும். காற்றுப் புகாத சேறு அப்படியல்ல. ஹோட்டன் சமவெளியின் முற்றா நிலக்கரிச் சேற்றில் மகரந்தத்தை எண்ணியே, 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மழையையும் வரட்சியையும் பிரேமதிலக்கவும் ரிஸ்பேர்க்கும் 2003இல் வாசித்தனர். இரணைமடுக் கருவியைச் செதுக்கியவன் எந்த மர நிழலில் இருந்தான் என்பதைச் செம்மண் சொல்லாது. வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு போன்ற பழங்குளங்களின் அடிச்சேறு அவன் காலத்துக்கு எட்டாதுதான். ஆயினும் காடு எப்போது வயலாயிற்று என்பதையாவது அதனிடம் கேட்கலாம்.