தேன்மதுவும் தவணைக் கடனும்

மூங்கில் குழாயில் விளைந்த தேன் கள்ளைக் கானவர்கள் சுற்றத்தோடு குடித்ததைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. பழைய சமாச்சாரம்தான். ஆனால் தேனில் சர்க்கரை ஏராளம், நைட்ரஜன் சொற்பம். ஈஸ்ட் பட்டினி கிடந்தால் புளிப்பு பாதியில் நிற்கும், அழுகிய முட்டை வாடையும் வரும்.

1860-ல் லூயி பாஸ்டர், சர்க்கரைத் தண்ணீரில் அம்மோனியம் உப்பும் ஈஸ்ட் சாம்பலும் சேர்த்து ஈஸ்டை வளர்த்துக் காட்டினார். பசி என்னவென்று புரிந்தது.

எப்போது ஊட்டுவது? இன்று வீட்டில் தேன்மது வடிப்பவர்கள் பலர் 24, 48, 72 மணி நேரத்தில் மூன்று தவணை, சர்க்கரையில் மூன்றிலொரு பங்கு தீர்ந்ததும் நாலாவது என்று போடுகிறார்கள். ஆல்கஹால் 9 சதவீதம் நெருங்கிவிட்டால் ஈஸ்ட் அம்மோனியத்தை வாங்கிக்கொள்ளாது.

வீட்டுக் கடனும் இப்படித்தானே? கட்டடம் எழ எழப் பணம். கிரகப்பிரவேசம் முடிந்தபின் செங்கல்லுக்குக் காசு எதற்கு? :-)